உத்தரவுங்களா?

ஜெயில் எதற்காக இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், கேட்கிறவருக்கு என்ன சம்பளம் என்று நான் முதலில் விசாரிப்பேன். சம்பளத்துக்குத் தகுந்தபடி பதில் மாறுகிற விஷயம் அது. நான் குழந்தைசாமி, ஹெட் வார்டர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எந்த ஜெயில் என்று மட்டும் கேட்காதீர்கள், இன்னும் பென்ஷன் வாங்கவில்லை. இதுவரை ஐந்து சூப்பிரண்டுகளைப் பார்த்துவிட்டேன். ஒருவர், உள்ளே இருப்பவனைப் பார்த்து வெளியே இருப்பவன் நடுங்கவேண்டும், அதற்குத்தான் ஜெயில் என்பார். அடுத்து வந்தவர், ஆளைத் திருத்தி அனுப்பத்தான் ஜெயில் என்று சொல்லித் தறி போட்டு ஜமுக்காளம் நெய்யக் கற்றுக்கொடுத்தார். இன்னொருவருக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. உள்ளே இருக்கிற வரைக்கும் வெளியே ஒருவனையும் அடிக்கமாட்டான் இல்லையா, அது போதும் என்று சொல்லிவிட்டு டென்னிஸ் ஆடப் போய்விடுவார்.

இவர்களில் யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறுகுறுப்பு. கைதிகளிடமே கேட்டுப் பார்த்தேன். பயனில்லை. கேட்கிறவனுக்குப் பிடித்த பதிலைச் சொல்வதுதான் ஜெயிலில் ஒருவன் கற்கும் முதல் பாடம். திருந்திவிட்டாயா என்றால், திருந்திவிட்டேன் எசமான் என்பார்கள். இன்னும் திருந்தவில்லை போலிருக்கிறதே என்றால், ஆமாம் எசமான் என்பார்கள். ஜெயில் வாசலுக்கு வெளியே போனபிறகு அந்த ஆள் என்ன ஆகிறான் என்பதை என்னைப் போன்றவர்கள் பார்ப்பதே கிடையாது. மறுபடியும் உள்ளே வந்தால் பார்ப்போம். வராவிட்டால் செத்துப்போனானா, சௌக்கியமாக இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது.

அதனால்தான் முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதத்தில் மருதாயி என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கு உள்ளூர ஒரே குஷி.

அவள் சேவுகனின் மனைவி. சேவுகன் குடுமியான்மலைப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரன். கண்மாயில் தண்ணீர் வற்றிய ஒரு வருஷம், மடை திறக்கும் முறை யாருடையது என்று மூக்கன் என்பவனோடு சண்டை வந்து, மண்வெட்டியால் ஒரே போடு போட்டுவிட்டான். மூக்கன் பிழைத்துக்கொண்டான், வலது கை போய்விட்டது. சேவுகனுக்கு ஆறு வருஷம். ஒழுங்காக இருந்ததற்காகக் கொஞ்சம் குறைத்துத் தை மாதம் விட்டோம்.

"என்ன மருதாயி, மறுபடியும் யாரையாச்சும் வெட்டிட்டானா?" என்று கேட்டேன். என் வாய் அப்படி.

"அதெல்லாம் இல்லைங்கய்யா. முன்னெல்லாம் அவருக்குக் கோவம் வந்தா வீட்டுல ஒரு பானை மிஞ்சாது. இப்பக் கோவமே வரலைங்க. சோத்தை வச்சா, சாப்பிடுங்கன்னு சொல்ற வரைக்கும் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. படுங்கன்னாத்தான் படுக்குறாரு. கதவு தொறந்துதான் கெடக்கும், நான் வெளியே போங்கன்னு சொல்ற வரைக்கும் உள்ளேயே நிக்கிறாரு. இது நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியலைங்க."

"நல்லதுதான்! இதுக்குத்தானே சர்க்கார் சோறு போட்டு வச்சிருந்தோம்" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் வந்த காரியம் வேறு. மகள் உண்ணாமலைக்கு வயது பதினெட்டு ஆகிவிட்டது. இதுவரை மூன்று இடம் வந்து, மூன்றும் ஜெயில்காரன் மகள் என்று சொல்லித் தட்டிப்போயிருந்தது. நான்காவதாக நார்த்தாமலைப் பக்கம் அய்யாக்கண்ணு என்பவரின் மகனுக்குப் பேச்சு நடக்கிறது. பெண் பிடித்துவிட்டது. ஆனால் பெண்ணின் அப்பன் இன்னும் கையை ஓங்குகிற ஆளா என்று அய்யாக்கண்ணுக்குச் சந்தேகம். ஜெயிலில் இருந்து பெரிய மனுசர் ஒருவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் சரி என்கிறாராம்.

"வர்ற புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குக் கை நனைக்கப் போறோம். நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எம் புள்ளை கரையேறிடும். இதுவும் போச்சுன்னா எங்க சாதிசனத்துல இனி ஒருத்தரும் வந்து கேக்கமாட்டாங்க."

கை நனைப்பது என்றால், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. சம்பந்தம் பிடிக்காவிட்டால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குப்பிறகு யாரும் பின்வாங்க முடியாது. நான் உடனே சம்மதித்தேன். அந்தப் பெண் மேல் இரக்கம் பாதி, சேவுகனை வெளியே வைத்துப் பார்க்கலாமே என்ற ஆசை பாதி.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். சேவுகன் என்னுடைய தயாரிப்பு. முன்பு எங்கள் ஜெயிலில் சாப்பாட்டு நேரம் என்றாலே அடிதடி. எவன் தட்டில் களி பெரிசாக விழுந்தது என்று பார்த்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள். நான் ஹெட் வார்டர் ஆனதும் ஓர் ஏற்பாடு செய்தேன். எல்லோரும் வரிசையாகக் குந்தவேண்டும், தட்டில் போட்டதைத் தொடக்கூடாது. வரிசையில் முதல் ஆள் பாதி எழுந்து, கை கூப்பி, "உத்தரவுங்களா?" என்று கேட்கவேண்டும். நான் "உம்" என்ற பிறகுதான் ஒருவன் கை தட்டுக்குப் போகவேண்டும். அந்தப் பழக்கம் அப்படியே தண்ணீர் குடிக்க, ஒதுங்க, மூக்கைச் சிந்த என்று எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. அடிதடி நின்றது. சூப்பிரண்டு என்னைத் தட்டிக்கொடுத்தார். நாலு வருஷம் அந்த வரிசையின் முதல் ஆளாக இருந்தவன் சேவுகன்.

புதன்கிழமை விடிந்ததும் கூண்டுவண்டி கட்டிக்கொண்டு கிளம்பினோம். சேவுகன், மருதாயி, சேவுகனின் பங்காளிகள் இரண்டு பேர், நான். சேவுகன் வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, நன்றாகவே இருந்தான். வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். நான் "ஏறு" என்றதும் ஏறினான். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட, பொய் சொல்லக்கூடாது.

அன்னவாசல் தாண்டுகிற வரைக்கும் அவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். என் சந்தேகத்தை இப்போது தீர்த்துக்கொள்ளாவிட்டால் எப்போது?

"உள்ளே இருந்தப்ப ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

"இல்லைங்க எசமான்."

"பயமா இருந்துச்சா?"

"ஆமாங்க எசமான்."

"மூக்கன் ஒத்தைக் கையோட திரியிறானே, அவனை நெனைச்சுப் பாப்பியா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். எந்தப் பதில் எனக்குப் பிடிக்கும் என்று தேடுகிறான் என்பது தெரிந்தது. நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

"நெனைக்கச் சொன்னா நெனைப்பேங்க" என்றான்.

மருதாயி அந்தப் பக்கம் திரும்பிச் சித்தன்னவாசல் குன்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அந்தப் பதில் என்னவோ போலிருந்தது. கையை இழந்தவனை நினைத்து ஒருவன் வருத்தப்பட்டால் அது திருந்தியதற்கு அடையாளம். வருத்தப்படாவிட்டால் திருந்தாததற்கு அடையாளம். இது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. சரி, அடங்கியிருக்கிறான் அல்லவா, அதுவே பெரிசு என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அய்யாக்கண்ணு வீடு ஓட்டு வீடு. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆள் வாட்டசாட்டமாக இருந்தார், சிரித்த முகம், எப்போதும் நாலு பேர் தன்னைப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிற ரகம். மாப்பிள்ளைப் பையன் சிவசாமி அப்பாவின் பின்னாலேயே நின்றான். வந்ததும் அவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"வார்டர் அய்யா, ஒளிக்காமச் சொல்லுங்க. இவரு கோவக்காரருன்னு எங்க பக்கமெல்லாம் பேச்சு. நாளைக்கு ஒண்ணுன்னா மண்வெட்டியைத் தூக்கிட்டு வந்து நின்னா நாங்க எங்கிட்டுப் போறது?"

"அந்தக் கோவத்தை வேரோட பிடுங்கித்தான் அனுப்பியிருக்கோம். நான் கேரண்டி" என்று மார்தட்டினேன். பந்தலில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். சேவுகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அய்யாக்கண்ணுக்குத் திருப்தி. இலை போடச் சொன்னார்.

ஆண்கள் பந்தலில் உட்கார்ந்தோம். மருதாயி பெண்களோடு உள்ளே இருந்தாள். சேவுகனுக்கு முதல் இலை, மரியாதை அல்லவா. எனக்கு எதிர் வரிசையில் கடைசி. பக்கத்தில் ஒரு கிழவர் ஜெயிலில் தூக்குப் போடுவதை நான் பார்த்திருக்கிறேனா என்று காதைக் கடித்துக்கொண்டிருந்தார். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, அய்யாக்கண்ணு தம் கையாலேயே சேவுகன் இலையில் நெய் ஊற்றினார். எல்லோரும் சேவுகன் கையைப் பார்த்தார்கள். அவன் கை வைத்தால்தான் மற்றவர்கள் தொடலாம்.

சேவுகன் பாதி எழுந்தான். கையைக் கூப்பினான்.

"உத்தரவுங்களா?"

அய்யாக்கண்ணின் கையில் நெய்க்கரண்டி அப்படியே நின்றது.

நம் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. உத்தரவு வாங்கிக்கிறேன் என்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள் எழுந்து கை கூப்பி, உத்தரவுங்களா என்று கேட்டாலே போதும், கிளம்புகிறார் என்று அர்த்தம். இலையில் சோறு விழுந்த பிறகு, கை நனைக்காமல், பெண்ணின் அப்பா எழுந்து உத்தரவு கேட்டால் என்ன பொருள்? உன் சம்பந்தம் எனக்கு வேண்டாம் என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொல்வதுதான் பொருள்.

எனக்கு உறைப்பதற்குள் அய்யாக்கண்ணின் முகம் சிவந்துவிட்டது. அவரும் மரியாதை தெரிந்தவர்தான். கரண்டியைப் பாத்திரத்தில் போட்டார். உத்தரவு கேட்டவருக்கு வழக்கமாகச் சொல்லும் பதிலை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நல்லது. போயிட்டு வாங்க!"

போ என்று சொல்லியாகிவிட்டது. சேவுகன் எழுந்தான், இலையைத் தாண்டினான், பந்தலை விட்டு இறங்கி வெயிலில் நடக்க ஆரம்பித்தான்.

பந்தல் அல்லோலகல்லோலப்பட்டது. வீடு தேடி வந்து அவமானப்படுத்திட்டான், ஜெயில் புத்தி போகுமா என்று ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். மருதாயி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அவள் கேட்டது என்னைத்தான். "அய்யா, என்னங்கய்யா ஆச்சு?"

நான் எழுந்து கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினேன். நடந்ததை விளக்கினேன். களித் தட்டு, வரிசை, முதல் ஆள், உத்தரவு, என்னுடைய உம் எல்லாம் சொன்னேன். அவன் போகக் கேட்கவில்லை, சாப்பிடக் கேட்டான் என்றேன். சூப்பிரண்டிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்ன அதே ஏற்பாடு, இந்தப் பந்தலில் சொல்லும்போது வேறு மாதிரி கேட்டது.

அய்யாக்கண்ணு என்னையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குபீரென்று சிரித்தார்.

"அடேயப்பா! அப்ப யாரு சொன்னாலும் கேப்பாரா?"

"கேப்பான்" என்றேன்.

அவர் வாசலுக்குப் போனார். சேவுகன் தெருவில் நூறு அடி போயிருந்தான். "இங்கிட்டு வாங்க!" என்று குரல் கொடுத்தார். சேவுகன் திரும்பி வந்தான். "உக்காருங்க." உட்கார்ந்தான். அய்யாக்கண்ணு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "எந்திரிங்க." எழுந்தான். "உக்காருங்க." உட்கார்ந்தான். பந்தலே சிரித்தது. "எந்திரிங்க" என்று இப்போது சொன்னது மாப்பிள்ளைப் பையன் சிவசாமி. அதற்கும் எழுந்தான். பையன் தண்ணீர்ச் செம்போடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"இப்படி ஒரு சம்பந்தி யாருக்குக் கெடைக்கும்? சென்மத்துக்கும் சண்டையே வராது!" என்றார் அய்யாக்கண்ணு. அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே அவருக்கு மனது குளிர்ந்துவிட்டது. "உக்காருங்க, சாப்பிடுங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அய்யாக்கண்ணு செய்ததில் நான் செய்யாதது ஒன்றும் இல்லை. நான் சிரிக்காமல் செய்தேன், இவர் சிரித்துக்கொண்டு செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சேவுகன் உட்கார்ந்து கையை இலைக்குக் கொண்டுபோனான்.

"கையை வைக்காதீங்க!" என்றாள் மருதாயி.

அவள் ஆண்கள் பந்திக்கு நடுவே வந்து நின்றிருந்தாள். "அவங்க சொன்னதுக்காகச் சாப்பிடாதீங்க. கை நனைக்கிறது நம்ம இஷ்டமுங்க. அடுத்தவங்க உத்தரவுல நனைச்சா அதுக்குப் பேரு சம்மதமா?"

சேவுகனின் கை சோற்றுக்கு நாலு விரற்கடை மேலே நின்றுவிட்டது. சாப்பிடு என்பது ஓர் உத்தரவு, கையை வைக்காதே என்பது இன்னோர் உத்தரவு. ஜெயிலில் இந்தச் சிக்கல் வராது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் பெரிய அதிகாரி சொன்னதைச் செய்தால் போதும். இங்கே பெரிய அதிகாரி யார் என்று அவன் தேடினான். அய்யாக்கண்ணைப் பார்த்தான், மருதாயியைப் பார்த்தான், கடைசியில் அவன் கண் என்னிடம் வந்து நின்றது.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "சொல்லிடுங்க வார்டர் அய்யா, சோறு ஆறுது" என்றார் அய்யாக்கண்ணு. ஒரு உம் போதும். கை நனைந்துவிடும், வைகாசியில் கல்யாணம், ஒரு பெண் கரையேறிவிடுவாள். அந்த உம் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்!

"எனக்குத் தெரியாது சேவுகா" என்றேன். "ஒன் மக. நீ சொல்லு."

அவன் விழித்தான். இப்படி ஒரு பதிலை அவன் என்னிடமிருந்து கேட்டதே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டான். இலையைப் பார்த்தான். யாரோ பேச வாயெடுத்தார்கள், மருதாயி பார்த்த பார்வையில் அடங்கினார்கள். நெய் சோற்றில் இறங்கி உறைந்தது. அவன் நெற்றியிலிருந்து வேர்வை திருநீற்றைக் கரைத்துக்கொண்டு மூக்கு நுனிக்கு வந்தது. ஒரு மனிதன் யோசிப்பதை நான் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். பார்க்கப் பயமாகக்கூட இருந்தது. சுமை தூக்கிப் பழக்கமில்லாதவன் மூட்டையைத் தூக்குகிற மாதிரி இருந்தது.

பிறகு அவன் சிவசாமியைப் பார்த்துப் பேசினான். குரல் கரகரவென்று வந்தது.

"தம்பி, நான் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தப்ப நீங்களும் சிரிச்சீங்க."

பையன் செம்பைக் கீழே வைத்தான்.

"தமாசுக்குங்க" என்றான்.

"தமாசுதான். நாளைக்கு எம் புள்ளையையும் இப்படித்தான் உக்காரு, எந்திரின்னு சொல்லுவீங்க. அது என்னை மாதிரி இல்லை, யாரையும் ஒண்ணும் செய்யலை. அதுக்கு எதுக்கு இந்தத் தண்டனை? எனக்கு இந்த எடம் வேண்டாம்."

சொல்லிவிட்டு எழுந்தான். வேண்டாம் என்றதும் அய்யாக்கண்ணு என்னவோ சொல்ல ஆரம்பித்தார், கேரண்டி கொடுத்தீரே என்று என்னைப் பார்த்துக் கத்தினார். சேவுகன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கை கூப்பவில்லை, விடைபெறவில்லை, போகட்டுமா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. நடந்து போய்விட்டான். மரியாதை கெட்ட செயல்தான். ஆனால் எனக்கு எழுந்து நின்று பார்க்கவேண்டும் போலிருந்தது, நின்றேன்.

பங்காளிகள் வண்டி பூட்டப் போனார்கள், நானும் மருதாயியும் தெருவில் அவனை எட்டிப்பிடித்தோம். அவள் அழுதுகொண்டே திட்டினாள். கையை வைக்காதே என்று சொன்னவளும் அவள்தான், இப்போது இடம் போய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டவளும் அவள்தான்.

"பாவி மனுசா, மூணு எடம் போயி நாலாவதா வந்ததுங்க! கல்யாணத்துக்கு அப்புறம் நான் பாத்துக்கிட மாட்டேனா? இனி யாரு வருவா?"

"வராட்டிப் போறாங்க!" என்று சேவுகன் திரும்பி நின்று கத்தினான். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வேரோடு பிடுங்கிவிட்டோம் என்று நான் கேரண்டி கொடுத்த அதே கோபம், அப்படியே இருந்தது. என் கை தானாக இடுப்பில் தடியைத் தேடியது. தடி இல்லை. கோபத்தைப் பிடுங்கிவிட்டோம் என்று நினைத்து அதோடு சேர்த்து வேறு எதையெல்லாம் பிடுங்கிப் பூட்டி வைத்திருந்தோமோ என்று யோசித்தேன். அப்படியானால் ஜெயில் எதற்கு? மூக்கனுக்குக் கை போனதும் நிஜம்தானே? எனக்கு இன்றைக்கு வரைக்கும் பதில் தெரியாது.

மருதாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளை வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும். அதுக்கிட்ட என்னன்னு சொல்றது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இந்தத் தடவையும் அவங்க வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லிடாதே" என்றான் சேவுகன். "ஒங்கப்பன் வேண்டாம்னுட்டான்னு சொல்லு."